திரும்பி வராத வில்லைகள்

வின்னிபெக்,
12 அக்டோபர் 1968

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன், போன வாரத்துச் சளியும் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? லோவா அண்ணியின் இருமலுக்கு மருந்து வாங்கினீர்களா, இல்லை வழக்கம்போல தேனும் வெந்நீருமா?

செப்டம்பரில் நான் ஏரிக்கு வந்தும் வீட்டுக்கு வரவில்லை என்று நீ கோபமாக இருப்பாய். பத்து நாளும் படகிலேயே கிடந்தேன். நாலாயிரம் வெண்மீன் பிடித்து, முதுகுத் துடுப்புக்கு அடியில் எண் போட்ட மஞ்சள் வில்லையைத் தைத்துத் திரும்ப ஏரியிலேயே விட்டோம். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வலையில் வில்லையோடு மீன் வந்தால், அதைக் கழற்றி, பிடித்த நாளையும் இடத்தையும் எழுதி உறையில் போட்டு அனுப்ப வேண்டும். உறைகளைக் கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பத்து வில்லை அனுப்பினால் ஒரு தொப்பி உண்டு. எத்தனை திரும்பி வருகிறது என்பதை வைத்து, ஹெல்கா ஏரியில் மொத்தம் எத்தனை மீன் என்று நான் சொல்லிவிடுவேன். மீன்துறை அலுவலகத்தில் இந்த வேலையைத் தனியாக என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் அண்ணா. எட்டு ஆண்களுக்கு நடுவில் ஒருத்தி நான்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், ஊரில் பரப்பாதே. மீன் நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் தெற்கிலிருந்து பெரிய படகுகளை ஏரிக்குள் விடலாமா என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அதற்காகத்தான் இந்த எண்ணிக்கை.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை,
ராக்னா


சாண்ட்விக்,
3 நவம்பர் 1968

அன்புத் தங்கச்சிக்கு,

ஹால்டோர் எழுதுவது. முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் என்னை விட்டுப் போகிற மாதிரி தெரியவில்லை. லோவா தேன்தான் குடிக்கிறாள். உன் மருந்தின் பேரைக் கேட்டாலே அவளுக்கு இருமல் கூடுகிறது.

ஏரி இன்னும் உறையவில்லை. கரையோரம் மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு படலம். வலைகளைத் தைத்து முடித்துவிட்டேன்.

உன் உறைகள் கடைக்கு வந்து சேர்ந்தன. மீனுக்கெல்லாம் கம்மல் போட்டுவிட்டவள் தனக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கக் கூடாதா என்று பக்கத்து வலைக்காரன் பியார்னி கேட்கிறான். நான் கேட்கவில்லை, அவன்தான். நம் ஆட்களை உனக்குத் தெரியும். காப்பியை ஊற்றிக்கொண்டு, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். வலை இறக்குகிற இடத்தைக் கூடப்பிறந்தவனிடமே சொல்லாத ஊரில், உறையில் எழுதி அனுப்பு என்றால் எப்படி?

அதை விடு. எனக்கே ஒன்று தெரிய வேண்டும். இந்த வில்லைகள் நிறையத் திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? குறைவாக வந்தால் என்ன? எது எங்களுக்கு நல்லது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

எல்லாரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

ஹால்டோர்


வின்னிபெக்,
20 நவம்பர் 1968

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? நான் சுகம். வேலையில் பறந்துகொண்டிருக்கிறேன், நாலு வரிதான்.

வில்லை நிறைய வந்தால் நல்லது, என் எண்ணிக்கை உறுதியாக நிற்கும். மீதியை விளக்க ஒரு நாள் முழுக்க வேண்டும். உனக்குப் பின்னத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உன்னைக் கடைசி பெஞ்சில் போட்டது மறந்துபோச்சா? கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். எல்லாரையும் அனுப்பச் சொல், அது போதும்.

அண்ணியை வினார்தெர்த்தா கேக்கில் ஏழு அடுக்குக்குக் குறையாமல் வைக்கச் சொல்.

ராக்னா


சாண்ட்விக்,
9 ஜனவரி 1969

அன்புத் தங்கச்சிக்கு,

நீ வரவில்லை. வேலை என்று தந்தி வந்தது. கேக்கை லோவா புத்தாண்டு வரை துணியில் சுற்றி வைத்திருந்தாள், அப்புறம் பியார்னி தின்று தீர்த்தான். நாங்கள் எல்லாரும் நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. பனிக்கட்டி இரண்டரை அடி. துளை போட்டு, கயிற்றைக் கட்டிக்கு அடியில் கொண்டுபோகும் ஜிகர் பலகையை ஓட்டி, வலை கட்டுவதற்குள் கையுறை பலகை மாதிரி ஆகிவிடுகிறது. இந்த வருஷம் கட்டிக்குக் கீழே தண்ணீர் தெளிவாக இருக்கிறது. நாய்க்குப் பின்னங்காலில் அடி, ஆனால் நடக்கிறது. கூரையில் கிழக்குப் பக்கம் ஒழுகும் என்று நினைக்கிறேன், வசந்தத்தில் பார்க்க வேண்டும்.

மீன் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஹால்டோர்


வின்னிபெக்,
30 மார்ச் 1969

அன்புள்ள அண்ணா, அண்ணி,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு என்ன குறை, காற்றில் நடக்கிறேன்.

எண்ணி முடித்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் ஏரி முழுக்கப் பிடிபட்டவை அறுபதாயிரம் மீன். அதில் திரும்பி வந்த வில்லைகள் அறுபது. அறுபதே அறுபது! கிறிஸ்துமஸுக்குச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இப்போது கேள். அம்மா கிறிஸ்துமஸ் கஞ்சியில் ஒரு கைப்பிடி திராட்சை போட்டுக் கலக்குவாளே, நினைவிருக்கிறதா? கரண்டிக்கு ஒரு திராட்சை வந்தால் பானை சின்னது. இருபது கரண்டிக்கு ஒன்றுதான் வருகிறது என்றால் பானை அண்டா அளவு பெரியது. அவ்வளவுதான் கணக்கு. வில்லை குறைவாக வர வர, ஏரியில் மீன் அதிகம் என்று அர்த்தம். பத்தில் ஒரு வில்லையை உங்கள் ஆட்கள் தொலைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் முப்பத்தாறு லட்சம் மீன். யாரும் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மேலதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறிக்கையில் என் பெயர் மட்டும் தனியாக இருக்கிறது.

சாண்ட்விக்கிலிருந்து வந்தவை நாலே நாலு வில்லை, அதிலும் உன்னுடையது ஒன்றுகூட இல்லை. உனக்கு அதிர்ஷ்டமே கிடையாது. வில்லை போட்ட கூட்டம் வடகரைக்குப் போய்விட்டது போல.

உடனே பதில் போடு. ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

ராக்னா


வின்னிபெக்,
18 மே 1969

அன்புள்ள அண்ணா,

ஏழு வாரமாக ஒரு வரி இல்லை. முழங்காலா? அண்ணிக்கு ஏதாவதா? கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன், 'எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தக் குரலும் சரியாக இல்லை.

என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். ஜூனிலிருந்து பிடிக்கும் அளவு மும்மடங்கு, தெற்கிலிருந்து பன்னிரண்டு படகுகளுக்கு அனுமதி. உங்களுக்கு அவர்களைப் பிடிக்காது, தெரியும். ஆனால் முப்பத்தாறு லட்சத்தில் அவர்கள் அள்ளுவது கண்ணுக்கே தெரியாது. உங்கள் அளவும் கூடுகிறதே.

உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

ராக்னா


சாண்ட்விக்,
22 ஜூன் 1969

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு லோவா கும்பிட்டுக்கொள்கிறாள்.

எழுதாததற்கு மன்னி. கூரை வேலை. கிழக்குப் பக்கம் முழுக்கப் பிரித்துப் போட்டேன்.

படகுகள் வந்துவிட்டன. பன்னிரண்டும். பெரியவை. குடாவுக்கு வெளியே, நம் அப்பா வலை கட்டிய மேட்டுக்கு நேராக நிற்கின்றன.

ராக்னா, அந்தக் கணக்கை இன்னொரு தடவை பார்க்க முடியுமா? எங்காவது தப்பு இருக்குமோ என்றுதான் கேட்கிறேன்.

ஹால்டோர்


வின்னிபெக்,
5 ஜூலை 1969

அண்ணா,

நலம். நீங்களும் நலம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

கணக்கை மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை உனக்காகவும் பார்த்தேன். அதில் தப்பு இல்லை. இங்கே ஒவ்வொருவனும் என் மேசைக்கு வந்து, 'எல்லாம் சரியாத்தானே பெருக்கின, அம்மா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகிறான். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. எட்டு மாதம் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓயவில்லை. வில்லை என்றால் என்ன என்று தெரியாத நீ, ஒரு வரியில் 'தப்பு இருக்குமோ' என்று எழுதுகிறாய்.

காகிதத்தில் என்னால் சரிபார்க்க முடியாத ஒரே விஷயம் இதுதான்: ஆட்கள் கண்டெடுத்த வில்லையை உண்மையாகவே அனுப்பினார்களா என்பது. பத்துக்கு ஒன்பது வரும் என்று எடுத்துக்கொண்டேன். மேலதிகாரி பாதிதான் வரும் என்று போடச் சொன்னார். நான் கேட்கவில்லை. தென்கரையில் என் அண்ணன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

ஆகஸ்டில் நம் முன்னோர் நினைவாக நடக்கும் ஐஸ்லாந்து நாள் விழாவுக்கு வருவதாக இருந்தேன். வரவில்லை. அண்ணிக்கு என் அன்பு.

ராக்னா


சாண்ட்விக்,
14 செப்டம்பர் 1969

அன்புள்ள ராக்னாவுக்கு,

உன் அண்ணி லோவா எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். என் இருமல் தேவலை. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

உன் அண்ணன் சாப்பிடுவதில்லை. உன் ஜூலைக் கடிதத்தை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார், துவைக்கக்கூடச் சட்டையைக் கொடுப்பதில்லை. வலையில் முழங்கை நீளத்து மீன் வந்து மூன்று வாரமாகிறது. வருவதெல்லாம் என் உள்ளங்கை அளவுதான். தெற்கத்திப் படகுகளில் நாலு திரும்பிப் போய்விட்டன, 'இந்த ஏரியில என்ன இருக்கு?' என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நேற்று பியார்னி வந்து வாசலிலேயே நின்றார், காப்பிக்குக்கூட உள்ளே வரவில்லை. இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள்.

வலைக் கொட்டகையில் ஒரு காப்பித் தகரம் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் சொல்லவில்லை. ஆனால் நீ அவருக்கு ஒரு கடிதம் போடு அம்மா. கோபமாகவாவது போடு.

உன் அண்ணி,
லோவா


சாண்ட்விக்,
2 அக்டோபர் 1969

ராக்னா,

நலம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

லோவா உனக்கு எழுதியது தெரியும். நீ பதில் போடாததும் தெரியும். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். அதில் ஐந்நூற்றுத் தொண்ணூறு வில்லைகள் இருக்கின்றன. லோவாவும் நானும் இரண்டு தடவை எண்ணினோம்.

போன வருஷம் நவம்பரில் கடையில் எல்லாரும் கூடினோம். நீ பரப்பாதே என்று சொன்னதை நான்தான் சொன்னேன். தெற்கத்திப் படகு என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பியார்னி கேட்டான், "ஹால்டோர், எண்ணப்போறவ உன் தங்கச்சி. அவ மூளைல பாதியாவது உனக்கு இருக்கும்ல? நீ சொல்லு, என்ன பண்ணலாம்?" எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். நான் சொன்னேன், "இதுல என்ன பெரிய கணக்கு? வில்லை கொஞ்சமாப் போனா மீன் கொஞ்சம்தான்னு நெனச்சுக்குவாங்க. மீன் கொஞ்சம்னா படகு வராது. யாரும் அனுப்பாதீங்க. எல்லாத்தையும் எங்கிட்ட கொடுங்க." நாலு பேர் மட்டும் தொப்பி ஆசையில் ஆளுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, அப்புறம் நிறுத்திக்கொண்டார்கள். மற்றபடி தென்கரை முழுக்க என் பேச்சைக் கேட்டது. என் வாழ்நாளில் ஊர் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு மறுநாள் உட்கார்ந்து உனக்கு எழுதினேன். நிறைய வந்தால் என்ன அர்த்தம், குறைவாக வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். 'நிறைய வந்தால் நல்லது' என்று எழுதினாய். யாருக்கு நல்லது? மீன் நிறைய என்று சொல்கிறவர்களுக்குத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் நினைத்தது சரிதான் என்று கடையில் உன் கடிதத்தைப் படித்தும் காட்டினேன்.

அப்புறம் உன் மார்ச் கடிதம் வந்தது, அம்மா கஞ்சியோடு. கொட்டகையில் நின்று படித்தேன். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். 'அறிக்கையில் என் பெயர் மட்டும்' என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் பேனாவை நகர்த்த முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று படகுகள் வந்து சேர்ந்துவிட்டன.

ஒவ்வொரு வில்லையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். பிடித்த நாளும் இடமும் அதில் இருக்கும். மறைக்கிறவன் ஏன் எழுதி வைத்தான் என்று கேட்காதே. நீ எழுதச் சொல்லியிருந்தாய், எழுதாமல் போட மனம் வரவில்லை. தென்கரையில் யார் எங்கே வலை கட்டுகிறார்கள் என்பது முழுக்க அந்தக் காகிதங்களில் இருக்கிறது. அனுப்பப்போகிறேன் என்று சொன்னதும் பியார்னி கத்தினான். "உன் தங்கச்சி பேரக் காப்பாத்த எங்க எல்லார் வலையையும் பிடுங்கிக் கொடுக்கப்போறியாடா?" நான் சொன்னேன், "பேரா? இது அங்க போனா முதல்ல போறது அவ பேருதாண்டா." அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். இன்னும் பேசவில்லை.

பொட்டலத்தைப் பிரிப்பதும் பிரிக்காததும் உன் இஷ்டம். நீ ஆற்றில் போட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

உன் அண்ணன்


வின்னிபெக்,
19 அக்டோபர் 1969

அண்ணா,

நான் உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். நீ சாப்பிடு. முதலில் சாப்பிடு.

பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் நாள் உன்மேல் வந்த கோபத்தில் தட்டை உடைத்தேன். அண்ணி கொடுத்த நீலத் தட்டு. அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன். அறுபதோடு ஐந்நூற்றுத் தொண்ணூறு. அறுநூற்று ஐம்பது வில்லை. போன குளிர்காலத்தில் ஹெல்கா ஏரியில் இருந்தது முப்பத்தாறு லட்சம் மீன் அல்ல, மூன்று லட்சத்து எழுபதாயிரம்தான். நீங்கள் பிடித்தது போக, படகுகள் இந்தக் கோடையில் மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிடித்துவிட்டன. மீதி எவ்வளவு என்று நீயே கழித்துப் பார்த்துக்கொள். இந்தக் கணக்கு உனக்கு வரும்.

உன் நவம்பர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். 'எனக்குப் புரிகிற மாதிரி எழுது' என்று கேட்டிருக்கிறாய். அந்தத் திராட்சைக் கதையைச் சொல்ல எனக்கு மார்ச்சில் எட்டு வரிதான் ஆயிற்று. நவம்பரில் அந்த எட்டு வரியை எழுதாமல், உன்னைக் கடைசி பெஞ்ச் என்று கேலி செய்திருக்கிறேன். சாண்ட்விக்கில் நாலு வில்லைதான் வந்தது என்பதும் மார்ச்சிலேயே என் கண் முன்னால் இருந்தது. அவ்வளவு மீன் பிடிக்கிற ஊரில் நாலா என்று கேட்காத நான் என்ன எண்ணிக்கைக்காரி? முப்பத்தாறு லட்சம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் மேலதிகாரி மேசையில் வைத்தேன். அவர் காகிதச் சுருள்களைப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்காத மாதிரியே இருந்துடலாம். நாள் கடந்து வந்தது, சேர்க்க முடியாதுன்னு சொல்லிடலாம். உனக்கும் நல்லது" என்றார். நவம்பரில் நான் உனக்கு எழுதிய அதே 'நல்லது' காதில் விழுந்ததும் சுருள்களைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உன் நவம்பர் கடிதத்தையும் அதற்கு நான் போட்ட பதிலின் விவரத்தையும் வில்லைகளோடு சேர்த்துப் புது அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் வலை இடங்களை வரைபடத்தில் பெரிய சதுரங்களாக மாற்றிக் கொடுத்தேன், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பியார்னியிடம் சொல்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஏரி மூடப்படுகிறது. படகுகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். ஐந்து குளிர்காலம். பரிந்துரை என்னுடையது அண்ணா. வேறு யாராவது எழுதட்டும் என்று விட்டுவிட நினைத்தேன், முடியவில்லை. இனி எனக்கு இங்கே எண்ணும் வேலை கிடையாது. கோப்புகளை அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வரலாமா? அண்ணியைக் கேட்டு எழுது.

ராக்னா


சாண்ட்விக்,
30 நவம்பர் 1969

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்கால்கூட இந்த வாரம் சும்மா இருக்கிறது. வரலாமா என்று கேட்டதற்கு லோவா என்னைத் திட்டினாள், கேட்டது நீ, திட்டு எனக்கு. கேக் ஏற்கெனவே துணியில் இருக்கிறது. ஏழு அடுக்கு. நீலத் தட்டு உடைந்ததை நான் சொல்லவில்லை, நீயே வந்து சொல்லிக்கொள்.

ஐந்து குளிர்காலம் என்பதை ஊருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. மூன்று வீட்டில் மூட்டை கட்டுகிறார்கள், சுரங்க வேலைக்கு வடக்கே போகிறார்கள். பியார்னியும்தான். போகும் முன் வாசல் வரை வந்து, "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, சதுரம் போட்டதுக்கு தேங்க்ஸ்னு" என்றான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் வனத்துறையில் மரம் வெட்டக் கேட்டிருக்கிறேன்.

இன்று கடைசி நாள். பனிக்கட்டி இன்னும் மெல்லியதுதான், ஆனாலும் வலையை எடுத்தாக வேண்டும். பதினோரு மீன் இருந்தது. அதில் ஒன்றுக்கு முதுகில் வில்லை. எண் 2714. முழங்கைக்கு மேல் நீளம், உயிரோடு இருந்தது. கத்தியை எடுத்தேன். அப்புறம் எண்ணை மட்டும் கையுறையில் கரியால் எழுதிக்கொண்டு, வில்லையோடு அதைத் துளையில் திரும்ப விட்டுவிட்டேன். இடம், அப்பாவின் மேட்டுக்குக் கிழக்கே, பாறையிலிருந்து நாற்பது காலடி.

இதைத் திரும்பி வந்ததாக எண்ண வேண்டுமா, வரவில்லை என்று எண்ண வேண்டுமா? நான் செய்தது சரியா, தப்பா? உன்னிடம் இப்போது அந்த வேலை இல்லை என்று தெரியும். ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே, இப்போதே எழுது. எத்தனை பக்கம் ஆனாலும் சரி, முழுக்கப் படிப்பேன்.

உன் அண்ணன்,
ஹால்டோர்